பியூஜெட் சவுண்ட் நண்டு சீசனுக்கு ஆன்லைன்ல வாங்குன கூண்டு செட், என் ரிவ்யூ

மடக்கு கூண்டு, கயிறு, மிதவை, இரை டப்பா, அளவு பாக்குற கேஜ் எல்லாம் ஒரே பெட்டியில போட்டு "பிரிச்ச உடனே தண்ணியில இறக்கலாம்"னு விக்கிறாங்களே, அந்த மாதிரி ஒரு செட் பத்திதான் இது. சியாட்டிலை ஒட்டுன பியூஜெட் சவுண்ட் கடல் பக்கம் ஜூலை நெருங்குனாலே நம்மாளுங்க எது வாங்கலாம்னு கேக்க ஆரம்பிச்சுடுறாங்க, அதான் விலாவாரியா எழுதுறேன்.

கூண்டு நல்லா இருக்கு, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. கம்பி கனமா இருக்கு, நீரோட்டத்துல நகர மாட்டேங்குது, கதவு உள்பக்கம் மட்டும்தான் திறக்குது, மடக்குனா கார் டிக்கில படுத்துக்கும். ஆனா பெட்டியில இருந்து எடுத்து அப்படியே போட்டா வாஷிங்டன் மாநிலத்துல அது சட்டப்படி செல்லாது, என் கோபமெல்லாம் அங்கதான்.

மூடியை நைலான் கயிறு போட்டு கட்டி அனுப்பியிருக்காங்க. இங்க ரூல் என்னன்னா கூண்டுல ஒரு இடத்துலயாவது சாயம் மருந்து எதுவும் ஏத்தாத சுத்தமான பருத்தி மாதிரி மக்கிப்போற கயிறு இருக்கணும், எட்டுல ஒரு பங்கு இன்ச்சுக்கு மேல தடிமன் கூடாது. ஏன்னா மிதவை அறுந்து கூண்டு அடியில தங்கிடுச்சுன்னா கொஞ்ச நாள்ல அந்த கயிறு இத்துப்போய் மூடி திறந்து உள்ள இருக்கிற நண்டு வெளிய போயிடும். நைலான்னா அது மக்கவே மக்காது, உள்ள மாட்டுன நண்டு செத்து, அதையே தின்ன வேற நண்டு உள்ள வந்து அதுவும் செத்துன்னு யாருக்கும் பிரயோஜனம் இல்லாம வருஷக்கணக்கா கொன்னுட்டே கிடக்கும். பியூஜெட் சவுண்ட்ல மட்டும் வருஷத்துக்கு சுமார் 12,000 கூண்டு தொலையுதுன்னு மதிப்பீடு இருக்கு, அதை நினைச்சா இந்த சின்ன பருத்திக் கயிறு எவ்ளோ பெரிய விஷயம்னு புரியும். இதை வைக்காம ஒரு கம்பெனி விக்கிறதே தப்புன்னு நான் நினைக்கிறேன்.

கயிறும் மிதக்குற டைப். ஆள் இல்லாம விட்டுட்டுப் போற கூண்டுக் கயிறு தண்ணி மேல மிதக்கக் கூடாது, போற வர்ற போட்டோட புரொப்பல்லர்ல சிக்கிடும், கூண்டு தொலையுறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஈயம் வச்ச கயிறு தனியா வாங்கிக்கோங்க, இல்லன்னா வெயிட் கட்டுங்க. மிதவை பாதி சிவப்பு பாதி வெள்ளையா இருக்கணும், அது மேல உங்க பேர் அட்ரஸ் அழியாம எழுதியிருக்கணும். சின்ன நண்டு தப்பிக்கிற வளையம் 4¼ இன்ச்ல ரெண்டு, கூண்டோட மேல் பாதியில இருக்கணும், இவங்க ரெண்டையும் கீழ வச்சிருக்காங்க. அதையும் மாத்தணும்.

கேஜ் மட்டும் சூப்பர். இங்க எல்லாரும் முக்கியமா பிடிக்கிற டஞ்சனஸ்ங்கிற வகை நண்டுக்கு முதுகு ஓட்டுல அகலம் 6¼ இன்ச் இருக்கணும், ரெண்டு ஓரத்துலயும் நீட்டிட்டு இருக்கிற முள்ளை சேக்காம அதுக்கு சற்று முன்னாடி வச்சு அளக்கணும், இந்த கேஜ் அந்த இடத்துல கரெக்டா உக்காருது. ஆண் நண்டு மட்டும்தான், வயித்துப்பக்க மடிப்பு ஒடுக்கமா இருந்தா ஆண், அகலமா இருந்தா பெண், பெண்ணை உடனே தண்ணியில விட்டுடணும். ஓடு கெட்டியாவும் இருக்கணும், கால்ல உடம்பை ஒட்டுன பெரிய துண்டை அமுக்கிப் பாருங்க, வளைஞ்சு குடுத்தா இப்பதான் ஓடு மாத்தியிருக்கு, உள்ள சதையே இருக்காது, விட்டுடுங்க. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு அஞ்சு. கொடுக்கு நுனி கறுப்பா இருந்தா அது ரெட் ராக்ங்கிற வேற வகை நண்டு, அதுக்கு 5 இன்ச், ஆறு எடுக்கலாம், ஆண் பெண் ரெண்டும் ஓகே.

செட்டோட வந்த ரூல் சீட்டை நம்பாதீங்க. சீசன் ஒவ்வொரு மெரைன் ஏரியாவுக்கும் (கடலை நம்பர் போட்டுப் பிரிச்சிருக்கிற பகுதி) வேற வேற தேதியில திறக்கும் மூடும், கோடையில பெரும்பாலும் வியாழன்ல இருந்து திங்கள் வரைதான், செவ்வாய் புதன்ல கூண்டு தண்ணியிலயே இருக்கக் கூடாது. வாஷிங்டன் மீன் வனவிலங்குத் துறை சைட்ல கிளம்புற அன்னைக்கே பாத்துடுங்க.

என் ரேட்டிங் அஞ்சுக்கு ரெண்டரை, கூண்டுக்கும் கேஜுக்கும் மட்டும். செட்டா வாங்காம இந்த ரெண்டையும் தனித்தனியா வாங்கி மிச்சத்தை நீங்களே சேர்த்தா அலைச்சல் கம்மி. லைசென்ஸோட நண்டு எண்டார்ஸ்மெண்டும் (நண்டுக்குன்னு கூடுதலா வாங்குற அனுமதி) கேட்ச் கார்டும் (பிடிச்சதை எழுதி வைக்கிற அட்டை) மறக்காம எடுங்க, 15 வயசுக்குக் கீழ இருக்கிற பசங்களுக்கு லைசென்ஸ் வேண்டாம் ஆனா கார்டு வேணும், டஞ்சனஸை எடுத்து வைக்கிற அந்த நிமிஷமே எழுதிடணும். கோடைக் கார்டை அக்டோபர் 1க்குள்ள ரிப்போர்ட் பண்ணணும், ஒரு நண்டு கூட கிடைக்கலன்னாலும் பண்ணணும், இல்லன்னா அடுத்த வருஷம் எண்டார்ஸ்மெண்ட் வாங்கும்போது 10 டாலர் அபராதம்.