இரண்டு குமிழ்களா, பத்துப் பட்டைகளா?

ஆம்ப்ளிஃபையரில் உள்ள பாஸ் (தாழ்ந்த ஒலி), ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) குமிழ்களைத் தொடுவதே பாவம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. எல்லாப் பதிவும் ஒரே மாதிரியா இருக்கிறது?

இந்த இரட்டைக் குமிழ்கள் பெரும்பாலும் ஆங்கிலேயப் பொறியாளர் பீட்டர் பாக்ஸண்டால் 1952இல் வெளியிட்ட மின்சுற்றின் வழிவந்தவை. 1,000 ஹெர்ட்ஸை (நொடிக்கு 1,000 அதிர்வு) ஒட்டிய பகுதி, அதாவது குரல் குடியிருக்கும் இடம், ஏறக்குறைய அப்படியே நிற்கும். இரு ஓரங்கள் மட்டும் ஏறி இறங்கும். அதனால் பாட்டைக் கெடுப்பது கடினம். காதைக் குத்தும் பழைய பதிவா? ட்ரெபிள் குமிழை 12 மணி நிலையிலிருந்து 11க்குத் திருப்பினாலே எரிச்சல் அடங்கிவிடும்.

ஒலியைப் பத்தாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்லைடர் தரும் பத்துப் பட்டை ஈக்வலைசர் 31 ஹெர்ட்ஸில் தொடங்கி, படிக்குப் படி இருமடங்காகி, 16,000 வரை போகும். பல வீடுகளில் அதன் ஸ்லைடர்கள் இரு முனையும் தூக்கி, நடு தொங்கித் தூளிபோல் நிற்கும். பாடகர் பக்கத்து அறைக்குப் போய்விடுவார்!

ஆனால் குமிழால் ஆகாத ஒரு வேலை அதற்குத் தெரியும். என் அறை ஒன்பதடி அகலம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சுமார் 63 ஹெர்ட்ஸ் ஒலி தங்கி வீங்குகிறது. பாஸ் கிடாரில் அந்த ஒரு ஸ்வரம் வரும்போது மட்டும் அலமாரிக் கண்ணாடி அதிரும். பாஸ் குமிழைக் குறைத்தேன், பாட்டே சோகையாகிவிட்டது. 63 என்ற ஸ்லைடரை 4 டெசிபல் (ஒலி அளவின் அலகு) இறக்கினேன். கண்ணாடி அடங்கியது, மற்ற ஸ்வரங்கள் பெரும்பாலும் பிழைத்தன. இறக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. 3 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு இருமடங்கு மின்திறன் வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. சின்ன ஆம்ப்ளிஃபையர் திணறிவிடும்.

தாழ்ந்த ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும் லவுட்னஸ் பொத்தான் இரவுக்கு மட்டும். சத்தம் குறையும்போது காது முதலில் தவறவிடுவது தாழ்ந்த ஒலிகளைத்தான். ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டியது இது. பகலில் சத்தமாக வைக்கும்போதும் அதை அணைக்காமல் விட்டால் ஒரே கும்மல்தான்.

காசில்லாத வழியையும் பிறகு செய்து பார்த்தேன். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து இரண்டடி வெளியே இழுத்ததும் 63 ஸ்லைடரைப் பாதி திரும்ப ஏற்ற முடிந்தது. வீடு பெருக்கும்போது அம்மாதான் முறைக்கிறார்.