திருகோணமலையிலிருந்து லண்டன்: நேரே போவதா, டோகாவில் மாறுவதா?

கொழும்பிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். கத்தாரிலுள்ள டோகா வழியாகப் போனால் முதல் துண்டு 3,600, அடுத்தது 5,240. கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் 140 கிலோமீற்றர்தான். டோகா கிட்டத்தட்டப் போகிற வழியிலேயே இருக்கிறது.

ஆனால் நேரக் கணக்கு வேறு. நேர் விமானம் 11 மணித்தியாலம் அளவில் கொண்டுபோய் இறக்கிவிடும். மாறிப் போனால் பறப்பு மட்டும் ஏறக்குறைய 12. அதோடு டோகாவில் காத்திருப்பு. இரண்டு மணித்தியாலமும் இருக்கலாம், எட்டும் இருக்கலாம். டிக்கெட் மலிவு என்றால் முதலில் அந்த இடைவெளியைப் பாருங்கள்.

எங்கள் ஊர்க்காரருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. திருகோணமலையிலிருந்து வான் வண்டியில் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டிக் கட்டுநாயக்கா விமான நிலையம் போகவே ஐந்தாறு மணித்தியாலம். மூன்று மணித்தியாலம் முன்னதாக அங்கே நிற்க வேண்டும். விமானம் ஏறும்போதே உடம்பு பாதி களைத்துவிடும்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு டோகா வழியே போனேன். அந்த நீண்ட நடைபாதையில் மருந்துப் பையை நெஞ்சோடு அணைத்தபடி, வீங்கிய காலைச் செருப்புக்குள் நுழைக்க முடியாமல் நின்றார். வயதானவர்களுக்கு நேர் விமானம்தான். கூடக் காசு கொடுத்தாலும் சரி. சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

இளம் ஆட்கள் என்றால் டோகா பரவாயில்லை. ஒரே டிக்கெட்டாக எடுங்கள், பெட்டி நேரே லண்டனுக்குப் போய்விடும்.

திரும்பி வரும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளும். பறப்பு நேரம் கொஞ்சம் குறையும்.