‘பர்மா மாணிக்கம்’ என்று விற்ற உலைக்கல்: கல் வைத்த நகை வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அம்மா ஆசைப்பட்டு வாங்கிய மாணிக்க மோதிரத்தில் இருப்பது மண்ணிலிருந்து எடுத்த கல் இல்லை. உலையில் உருக்கிச் செய்த கல். அதைப் பர்மா மாணிக்கம் என்று சொல்லி, ஒரு காரட் எடைக்கு 18,000 ரூபாய் என்று போட்டு, 4.2 காரட் கல்லுக்கு மட்டும் 75,600 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். எங்கள் பகுதியில் பெயர் பெற்ற கடைதான். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆய்வகக் கல்லின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அது கண்ணாடியும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. அலுமினியம் ஆக்சைடில் துளி குரோமியம் சேர்ந்தால் மாணிக்கம். பூமிக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் விளைந்தாலும் சரி, உலையில் சில மணி நேரத்தில் விளைந்தாலும் சரி, பொருள் ஒன்றேதான். பிரான்சைச் சேர்ந்த ஓகுஸ்த் வெர்னோய் என்ற வேதியியல் அறிஞர் 1902இல் இந்த முறையை வெளியிட்டார். பொடியை 2,000 டிகிரி செல்சியசுக்கும் மேலான சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாகப் படிய விடுவார்கள். அப்படி வரும் கல் மிகவும் மலிவு. பட்டை தீட்டிய பிறகும் காரட் சில நூறு ரூபாய்க்குள்தான் இருக்கும். அதை அதுவென்று சொல்லி விற்றால் யாருக்கும் வருத்தமில்லை. சில நூறு ரூபாய்ப் பொருளுக்கு முக்கால் லட்சம் வாங்கியதுதான் மோசடி.

கடையில் நடந்ததைக் கேளுங்கள். அம்மா, “இது மண்ணுல எடுத்த கல்லுதானே?” என்று நேராகவே கேட்டார். அந்த விற்பனையாளர், “ஒரிஜினல் ரூபிம்மா, வேணும்னா உங்க கண் முன்னாடியே டெஸ்ட் பண்ணிக் காட்டுறேன்” என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கண்ணாடித் துண்டில் கீறினார், கோடு விழுந்தது. லைட்டர் தீயில் காட்டினார், கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. டெஸ்டர் பேனாவை வைத்தார், முள் மாணிக்கத்துக்கான இடத்தில் நின்றது. கடைசியாக விளக்கை அணைத்துவிட்டு புற ஊதா டார்ச் அடித்தார். கல் தணல் மாதிரி சிவப்பாக எரிந்தது. “பர்மா கல்லுதாம்மா இப்படி எரியும், தாய்லாந்துக் கல்லு மங்கலாத்தான் தெரியும்.”

இதில் ஒரு சோதனைகூடப் பொய் இல்லை. அதுதான் இந்த ஏமாற்றின் பலமே. உலைக்கல்லும் மாணிக்கம்தானே, ஒன்றிலிருந்து பத்து வரை கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் 9. ஆகவே கண்ணாடியைக் கீறத்தான் செய்யும். தீக்கும் அசையாது. டெஸ்டர் பார்ப்பது பொருளின் தன்மையை, பிறந்த இடத்தை அல்ல. புற ஊதா வெளிச்சத்தில் பர்மா மாணிக்கம் பளீரென்று ஒளிர்வதும் உண்மைதான். அதில் இரும்பு குறைவு, தாய்லாந்துக் கல்லில் இரும்பு அதிகம், அதனால் ஒளி மட்டுப்படும். ஆனால் உலைக்கல்லில் இரும்பு அநேகமாக இருக்கவே இருக்காது. அது பர்மா கல்லைவிட நன்றாகவே ஒளிரும்! கல்லைப் பாலில் போட்டுக் காட்டும் கடைகளும் உண்டு. அதுவும் இதே கதைதான். கடை மேசையில் வைத்துச் செய்கிற இந்த மாதிரிச் சோதனை எதுவும் இயற்கைக் கல்லையும் ஆய்வகக் கல்லையும் பிரித்துக் காட்டாது என்பதை மனதில் வையுங்கள்.

மோதிரம் அப்பாவுக்குத் தளர்வாக இருந்ததால், எங்கள் வீட்டுக்கு வெகுகாலமாக வேலை செய்யும் ஆசாரியிடம் கொண்டுபோனேன். நகைவேலைக்கு வருவதற்கு முன் திருச்சிப் பக்கம் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டியவர். ஒரு காலத்தில் திருச்சி, புதுக்கோட்டைக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு அந்தத் தொழில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். நெருப்பு காட்டுவதற்கு முன் கல்லை லென்ஸில் பார்ப்பது அவருடைய வழக்கம். பார்த்தவர் பேசாமல் வெள்ளைத் தாளை அடியில் வைத்து மறுபடி பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். கல்லுக்குள் மெல்லிய வளைந்த கோடுகள், பழைய இசைத்தட்டில் இருப்பதைப் போல. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ்கள். இயற்கைக் கல் வளரும்போது உள்ளே கோடு விழுந்தால் அது நேராக, மூலை மடிந்து போகும், வளையாது என்றார். ஊசி ஊசியாகப் பட்டு நூல் மாதிரி ஏதாவது தெரியும், அதுவும் இதில் இல்லை.

“கழட்டிக் கொடுத்தா சோதனைக்கு அனுப்பலாமா?” என்று கேட்டேன்.

“நான் கை வைக்க மாட்டேன் பாப்பா. கழட்டினா ஆசாரி கல்லை மாத்திட்டான்னு கடைக்காரன் சொல்வான். அப்படியே கொண்டுபோய்க் கொடு.”

அந்த ஒரு வார்த்தைதான் இன்றுவரை எங்கள் வழக்கைக் காப்பாற்றுகிறது. மோதிரத்தோடேயே ஆய்வகத்தில் கொடுத்தோம். சுடர் முறையில் செய்த செயற்கை மாணிக்கம் என்று அறிக்கை வந்தது.

அப்படியானால் கடை கொடுத்த சான்றிதழ்? அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பளபளப்பான பிளாஸ்டிக் அட்டை, கல்லின் படம், ஹோலோகிராம் எல்லாம் உண்டு. எடுத்துப் படித்தால், ‘கொரண்டம், ரூபி’ என்று இனமும் வகையும் இருக்கிறது (கொரண்டம் என்பது அலுமினியம் ஆக்சைடுக் கல்லின் பெயர்). எடை இருக்கிறது, நிறம் இருக்கிறது. ‘நேச்சுரல்’ என்ற சொல் மட்டும் எங்கேயும் இல்லை. சூடு காட்டிய கல்லா, வேறு ஏதாவது செய்த கல்லா என்பதற்கான வரியே இல்லை. பில்லில் ‘ஆர்.பி. ஸ்டோன்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். திரும்பப் போய்க் கேட்டபோது மேலாளர், “நாங்க எங்க மேடம் இயற்கைன்னு எழுதிக் கொடுத்தோம்?” என்றார். வாயால் சொன்னது காற்றோடு போயிற்று. எழுதியதில் பொய் இல்லாதபடி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தெரியாமல் நடந்த தவறாக இருந்தால் அட்டையும் பில்லும் இவ்வளவு கவனமாக இருந்திருக்காது.

பில்லைப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. கல்லோடு சேர்ந்த மொத்த எடைக்குத் தங்க விலை போட்டிருந்தார்கள். ஒரு காரட் என்பது 0.2 கிராம். 4.2 காரட் என்றால் 0.84 கிராம் கல்லுக்கும் தங்கம் என்று காசு வாங்கியிருக்கிறார்கள். அன்றைய விலையில் அதுவே ஏழாயிரம் ரூபாய்க்கு மேல், அதன் மேல் சேதாரம் வேறு. கல்லை நீக்கிய தங்க எடை பில்லில் தனியாக இருக்க வேண்டும். ஹால்மார்க்கையும், நகைக்கு நகை தனியாகப் பொறிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடான எச்.யு.ஐ.டி.யையும் காட்டி “எல்லாம் கவர்மென்ட் முத்திரை” என்பார்கள். அந்த முத்திரை தங்கத்தின் தரத்துக்கு மட்டும். கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, ‘நேச்சுரல்’ என்று எழுதி வாங்கிவிட்டால் போதுமா? அதிலும் ஒரு குழி இருக்கிறது. வெடிப்பு நிறைந்த மட்டமான மாணிக்கத்தின் பிளவுகளில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பி, தெளிந்த கல் மாதிரி ஆக்கி விற்கிறார்கள். 2004 வாக்கில் சந்தைக்கு வந்து பரவிய சரக்கு இது. மண்ணில் எடுத்ததுதான், ஆனால் ஆசாரியின் தீ பட்டாலோ, திராவகம் பட்டாலோ, எலுமிச்சைச் சாற்றில் கிடந்தாலோகூட உள்ளே இருக்கும் கண்ணாடி கெட்டுக் கல் அசிங்கமாகிவிடும். என்னைக் கேட்டால், தினசரி போட்டுக்கொள்ள இதைவிட உலைக்கல்லே ஆயிரம் மடங்கு மேல். சூடு காட்டுவது மட்டும் வேறு விஷயம். இலங்கையின் கெவுடா என்ற பால் நிறக் கற்களைச் சுட்டு நீலமாக்குவது எழுபதுகளிலிருந்து நடக்கிறது. வணிகத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்டதுதான். ஆனால் சுட்ட கல்லுக்குச் சுட்ட கல்லின் விலைதான் கொடுக்க வேண்டும்.

எதை வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு என் கருத்து இது. அழகுக்கு, கல்லூரிக்கோ வேலைக்கோ போட்டுப் போக, ஒரு செட்டுக்கு ஒரே நிறத்தில் பல கற்கள் வேண்டும் என்றால், ஆய்வகக் கல்லைத் தாராளமாக வாங்குங்கள், அதற்குரிய விலையில். ராசிக்காக அணிகிறவர்கள், பிள்ளைகளுக்குச் சேர்த்துவைக்க நினைக்கிறவர்கள் இயற்கைக் கல் கேட்பது நியாயம். அவர்கள் பதிப்பதற்கு முன்பே தனிக் கல்லாக, கடை சொல்லும் இடத்தில் இல்லாமல் தாங்களே தேர்ந்த ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அறிக்கையில் ‘நேச்சுரல்’ என்பதும், சூடு அல்லது நிரப்பல் பற்றிய வரியும் இருக்க வேண்டும். எடையும் மில்லிமீட்டர் அளவும் கையில் இருக்கும் கல்லோடு ஒத்துப்போக வேண்டும். நான்கு காரட்டில், குறையே இல்லாத, ரத்தச் சிவப்பான இயற்கைப் பர்மா மாணிக்கம் என்றால் காரட் பல லட்சம் ஆகும். பதினெட்டாயிரத்துக்குக் கிடைக்காது. “பாட்டி காலத்து நகை, அப்போ செயற்கை ஏது?” என்ற பேச்சையும் நம்பாதீர்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய நகைகளிலேயே உலைக்கல் இருக்கிறது.

வைரத்திலும் இதே சிக்கல்தான். கடைகளில் இருக்கும் சாதாரண டெஸ்டர் ஆய்வக வைரத்துக்கும் சத்தம் கொடுக்கும், சில டெஸ்டர்கள் வைரம் மாதிரியே தெரியும் வேறு கல்லான மொய்சனைட்டுக்கும் கொடுக்கும். ஐ.எஸ். 15766:2019 என்ற இந்தியத் தர நிர்ணயப்படி வெறுமனே ‘வைரம்’ என்றால் இயற்கை வைரம்தான், ஆய்வக வைரத்தை அப்படி அடைமொழி இல்லாமல் விற்கக் கூடாது.

எங்கள் புகார் விஷயம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தோம். கடையிலிருந்து அழைத்து, கல்லின் விலையைத் தருகிறோம், ஆய்வக அறிக்கையையும் மோதிரத்தையும் கொடுத்துவிடுங்கள், வெளியே பேசக் கூடாது என்றார்கள். அம்மா மறுத்துவிட்டார். கல்லின் விலை, கல்லுக்குப் போட்ட தங்க விலை, செய்கூலி, சேதாரம், ஆய்வகக் கட்டணம் எல்லாம் கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தேவைப்பட்டால் பொருளை ஆணையமே சோதனைக்கு அனுப்பும்.

யாருக்காவது தங்கள் கல்லின் மேல் சந்தேகம் வந்திருந்தால், விற்ற கடையில் “பார்த்துட்டுத் தரோம்” என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். கல்லைக் கழற்றவும் விடாதீர்கள். பில், அட்டை, நகை மூன்றையும் ஒன்றாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, நேராக ஆய்வகத்துக்குப் போங்கள்.