ஐபிஎஸ்ஸா, ஓஎல்இடியா: கலர் கிரேடிங்குக்கு எந்த மானிட்டர்?

கலர் கிரேடிங் என்பது வீடியோவின் நிறத்தையும் ஒளியையும் திருத்தி அமைப்பது. ஐபிஎஸ் என்பது பின்னொளியில் இயங்கும் எல்சிடி வகைத் திரை. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்.

கருமை: சாதாரண ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கருப்புக்குமான ஒளி விகிதம்) ஏறக்குறைய 1000:1. வெள்ளையை 100 நிட்டில் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு) வைத்தால் கருப்பு 0.1 நிட்டில் நின்றுவிடும். இருட்டுக் காட்சிகள் சாம்பல் பூத்துத் தெரியும். ஓஎல்இடியில் கருப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். பலர் இதற்காகவே அதை வாங்குகிறார்கள்.

வெளிச்சம்: திரை முழுக்க வெள்ளை வந்தாலும் ஐபிஎஸ் அசராது. ஓஎல்இடி, குறிப்பாக டிவி வகை, தானாக மங்கும்.

ஆயுள்: ஓஎல்இடியில் டைம்லைன், மெனு போன்றவை நாள் முழுக்க நின்றால் தடம் பதியும். ஐபிஎஸ்ஸில் அந்தக் கவலை குறைவு.

காலிபரேஷன் (திரையை அளந்து சரிசெய்வது): எஸ்டிஆருக்கு, அதாவது எச்டிஆர் அல்லாத வழக்கமான வீடியோவுக்கு, இரண்டிலும் ஒரே இலக்கு: ரெக்.709 (எச்டி வீடியோவின் நிற வரம்பு), டி65 (வெள்ளையின் நிர்ணயச் சாயல்), காமா 2.4 (கருப்பிலிருந்து வெள்ளைக்கு ஒளி ஏறும் விதம்), 100 நிட், மங்கலான அறை. 30 நிமிடம் சூடேறவிட்டு அளக்கவும். ஓஎல்இடியில் அளப்பதற்காகக் காட்டும் வண்ணக் கட்டம் திரையில் 10 சதவீதம் இருந்தால் போதும். முழுத்திரையில் போட்டால் தானியங்கி மங்கலும் கணக்கில் சேர்ந்துவிடும். கலரிமீட்டரில் (திரையின் நிறத்தை அளக்கும் கருவி) அந்தந்தப் பேனலுக்கான திருத்தத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் வெள்ளையே பிசகும். எண்கள் ஒத்துப்போனாலும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டின் வெள்ளையும் வேறாகத் தெரியலாம். கருவி கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம்.

நாள் முழுக்க எடிட்டிங், இணைய வீடியோ என்றால் ஐபிஎஸ். இருட்டறையில் திரைப்பட கிரேடிங் என்றால் ஓஎல்இடி. எதுவானாலும் எல்யூடியை (நிறத்தைத் திருத்தும் அட்டவணை) மானிட்டருக்குள்ளேயே ஏற்றும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கணினியில் வைக்கும் திருத்தக் கோப்பான ஐசிசி புரொஃபைலைப் பல வீடியோ மென்பொருள்கள் கண்டுகொள்வதில்லை.