குனூகேஷ்: கணக்கெழுதக் கற்றுக்கொடுக்கும் மென்பொருள்

வீட்டு வரவு செலவையோ சிறு தொழிலின் கணக்கையோ கணினியில் எழுதி வைக்க விரும்புகிறவர்களுக்குக் குனூகேஷ் மென்பொருளைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். 1998இல் முதல் நிலையான பதிப்பு வெளிவந்த இந்தக் கட்டற்ற மென்பொருளுக்கு விலை கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். கணக்கு முழுவதும் நம் கணினியிலேயே ஒரு கோப்பாக இருக்கும். ஆனாலும் இதைப் பரிந்துரைப்பதற்கு என் முதற்காரணம், இதற்கென எழுதப்பட்டிருக்கும் பயிற்சிக் கையேடுதான்.

பெரும்பாலான மென்பொருள்களின் கையேடுகள் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடும். குனூகேஷின் கையேடு முதலில் கணக்கியலைச் சொல்லித் தருகிறது. சொத்து, கடன், முதல், வருமானம், செலவு என்னும் ஐந்து வகைக்குள் எல்லாக் கணக்கும் அடங்கும் என்பதையும், சொத்திலிருந்து கடனைக் கழித்தால் வரும் தொகையும் முதலோடு வருமானத்தைக் கூட்டிச் செலவைக் கழித்தால் வரும் தொகையும் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதையும் விளக்கிய பிறகே திரைக்கு வருகிறது. ஆகவே, வணிகவியல் படிக்காதவருக்கும் ஒவ்வொரு பதிவும் ஏன் எதிர்க்கணக்கு (பணம் எங்கிருந்து வந்தது அல்லது எங்கே போனது என்று காட்டும் இன்னொரு கணக்கு) கேட்கிறது என்பது புரிந்துவிடுகிறது.

அந்தப் புரிதலின் பயன் கடன் அட்டைக் கணக்கில் உடனே தெரியும். அட்டையில் மளிகை வாங்கிய நாளில் ஒரு செலவு, பிறகு அட்டைக்குப் பணம் கட்டிய நாளில் இன்னொரு செலவு என்று ஒரே தொகையை இருமுறை எழுதுவது, வெறும் செலவுப் பட்டியல் வைத்திருப்போருக்கு எளிதில் நேர்ந்துவிடும். ஒவ்வொரு தொகையையும் இப்படி எதிர்க்கணக்கோடு சேர்த்தெழுதும் இரட்டைப்பதிவு முறையில் வாங்கிய நாளில் செலவும் கடனும் ஏறுகின்றன. கட்டிய நாளில் வங்கி இருப்பும் கடனும் இறங்குகின்றன, செலவுக் கணக்கு அசைவதே இல்லை. எதிர்க்கணக்கை எழுதாமல் விட்டாலோ, அந்தத் தொகை சமனின்மைக்கென உள்ள தனிக்கணக்கில் போய் நின்றுகொண்டு, நாம் சரிசெய்யும் வரை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

நம் ஊர்ப் பழக்கங்களுக்கும் இந்த முறை அழகாக ஒத்துவருகிறது. ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டில் மாதத் தவணை 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் தள்ளுத்தொகையில் நம் பங்காக 800 ரூபாய் கழிந்து 4,200 மட்டும் கட்டுகிறோம். பதிவைப் பிரித்தெழுதும் வசதியைத் திறந்து, சொத்தின் கீழ் உள்ள சீட்டுக் கணக்கில் 5,000 ஏற்றி, வங்கியில் 4,200 இறக்கி, மீதி 800ஐச் சீட்டு வருமானம் என்று மூன்றாம் வரியில் எழுதினால் பதிவு சமன்படுகிறது. கணக்குகளின் பெயர்களையும் விவரங்களையும் தமிழிலேயே தட்டச்சிடலாம். பற்று, வரவு என்ற சொற்களுக்குப் பழகாதவர்களை மிரட்டாமல், நெடுவரிசைகளின் தலைப்புகள் கணக்கின் வகைக்கேற்ப எளிய சொற்களில் வருகின்றன; முறையான தலைப்புகள் வேண்டுமென்றால் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி வங்கி அறிக்கையோடு ஒப்புநோக்குவது. அறிக்கையின் தேதியையும் இறுதி இருப்பையும் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு வரியாகக் குறியிட்டுக்கொண்டே போனால், கீழே வித்தியாசத் தொகை குறைந்து பூச்சியத்தை எட்டும். அப்படி உறுதிசெய்த பதிவைப் பிற்பாடு திருத்தப் போனால் மென்பொருள் எச்சரிக்கிறது. பாஸ்புக்கையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேடும் வேலை இதனால் வெகுவாகக் குறைகிறது.

குறைகளும் உண்டு. ஒரே கணக்குக் கோப்பில் இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியாது. ஆகவே பல பேர் ரசீது போடும் கடைக்கு இது உகந்ததன்று. திரையின் தோற்றம் பழையது. சேமிக்கும்போதெல்லாம் காப்புப் பிரதிகளும், நாம் செய்யும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்புகளும் அதே கோப்புறையில் சேர்வதால் புதியவர்கள் குழம்புவார்கள். அவற்றைத் தேவையற்றவை என்று நினைத்து அழித்துவிடக் கூடாது, கணினி நடுவில் நின்றுபோனால் இழந்த பதிவுகளை மீட்க அவைதாம் உதவும்.

கையேட்டின் பெருங்குறை, அது தமிழில் இல்லை என்பதுதான். எடுத்துக்காட்டுகளும் டாலரிலும் காசோலைப் புத்தகத்திலும் சுழல்கின்றன. நகைக்கடனுக்கும் சீட்டுக்கும் மொய்க்கும் அதில் இடமில்லை. இத்தனை பொறுமையாகக் கற்பிக்கும் ஒரு நூல் நம் மளிகைக்கடைக்காரருக்கும் சுய உதவிக் குழுவில் கணக்கெழுதும் பெண்ணுக்கும் எட்டாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. கையேடு குனூ கட்டற்ற ஆவண உரிமத்தின் கீழ் வெளியாகியிருப்பதால், யாரும் அதை மொழிபெயர்க்கலாம், நம் எடுத்துக்காட்டுகளைச் சேர்க்கலாம், அச்சிட்டு வழங்கலாம். கணக்கியல் ஆசிரியர்களும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் சேர்ந்து, முதலில் அடிப்படைகளையும் பதிவுகளையும் பற்றிய இயல்களை மட்டுமாவது தமிழில் கொண்டுவர வேண்டும்.