மடியில் ஐஸ் பையோடு ஒரு ஆட்டோ பயணம்

இந்த முறை மன்னார்குடி போனபோது முடிக்க வேண்டிய வேலைகளில் பட்டா மாறுதல், பேங்க் நாமினி இரண்டுக்கும் அடுத்ததாக அப்பாவுக்கு ஃப்ளூ ஊசி என்று எழுதி வைத்திருந்தேன். வயது 74, சர்க்கரை உண்டு, போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். ஊசிதானே, ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். பட்டா முதலில் முடிந்தது.

அப்படி நினைக்க வைத்தது கனடாவில் நான் இருக்கிற ஸ்கார்பரோ பழக்கம். அங்கே அக்டோபர் பிறந்தால் மளிகை வாங்கப் போகிற இடத்திலேயே ஊசியும் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். மருந்துக்கடை ஓரத்தில் சின்னதாக ஒரு தடுப்பறை. ஹெல்த் கார்டை நீட்டினால் மருந்தாளுநரே சட்டைக் கையை மடிக்கச் சொல்லிப் போட்டுவிட்டு, பதினைந்து நிமிடம் நாற்காலியில் உட்கார வைத்து அனுப்புவார். காசு கிடையாது. ஸ்கார்பரோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் 2012-இலிருந்து இப்படித்தான். 2016 கடைசியில் மஞ்சள் காமாலை, டைஃபாய்டு, அக்கி, வெறிநோய் என்று 13 நோய்களுக்கான ஊசிகளையும் மருந்தாளுநர்கள் கையில் கொடுத்தார்கள். அவற்றில் பலவற்றுக்கு டாக்டர் சீட்டும் காசும் வேண்டும், ஆனால் போடுகிற இடம் அதே நாற்காலிதான். இந்தப் பயணத்துக்கான டைஃபாய்டு ஊசியை நான் போட்டுக்கொண்டதும் அங்கேதான்.

அந்த நினைப்பிலேயே தேரடிப் பக்கம் ஒரு மெடிக்கலில் போய் நின்றேன்.

"அண்ணே, அப்பாவுக்கு ஃப்ளூ ஊசி வேணும். இங்கயே போட்டுடுவீங்களா?"

கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?"

"கனடா."

"அதானே பார்த்தேன். நாங்க விக்கத்தான் செய்யலாம். ஊசியைக் கையில எடுத்தேன்னு வைங்க, மறுநாள் பேப்பர்ல 'போலி டாக்டர் கைது'ன்னு என் போட்டோ வந்துரும்."

முதலில் டாக்டர் சீட்டு. அதற்கு ஒரு சாயங்காலம், டோக்கன் நம்பர் 31. சீட்டோடு திரும்பினால் மருந்து இருப்பில் இல்லை. பெரியவர்களுக்கு இந்த ஊசி கேட்டு வருகிறவர்கள் வருஷத்துக்கு நாலைந்து பேர்தானாம், வாங்கி வைத்தால் தேதி முடிந்து நஷ்டம். தஞ்சாவூர் ஏஜென்சிக்குச் சொல்லி, மறுநாள் மதியம் வந்தது. விலை 1,800 ரூபாய்க்கு மேல்.

அவர் அதைக் கட்டிக் கொடுத்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பெட்டியைப் பழைய தினத்தந்தியில் நாலு சுற்றுச் சுற்றினார். அதை ஒரு பாலிதீன் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ்கட்டி நிரப்பிய இன்னொரு பைக்குள் வைத்தார். "நேரா ஐஸ் பட்டுச்சுன்னா உறைஞ்சிரும் தம்பி. உறைஞ்சு உருகுன ஊசி பார்க்க அப்படியேதான் இருக்கும், ஆனா வேலை செய்யாது" என்றார். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய சாமான். அதற்கு மேலேயும் போகக்கூடாது, கீழேயும் இறங்கக்கூடாது. மனிதர் இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டிய பையை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, திருவிழாவுக்குக் குச்சி ஐஸ் வாங்கிப் போகிற மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்.

கிளினிக்கில் ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பை ஒழுகி வேட்டி நனைந்தது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம், ஃப்ரிட்ஜில் வைக்க முடியுமா என்று கேட்டேன். வாங்கிக் கொண்டுபோய் மின்விசிறிக்குக் கீழே மேஜையில் வைத்தார். ஊசி போட அரை நிமிடம் ஆனது. போட்டதும் "கிளம்பலாம்" என்றார்கள். அப்பாவை நான்தான் வெளியே வேப்பமரத்தடியில் கால் மணி நேரம் உட்கார வைத்தேன்.

அரசாங்கப் பக்கம் இப்படி இல்லை என்பதை அதே வாரம் பார்த்தேன். அத்தை பேரனை நாய் கடித்துவிட்டது. மறுநாள் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு தோள்களிலும் தோலுக்குள் ஊசி போட்டு, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. அங்கே தடுப்பூசிக் குளிர்பெட்டியின் சாவியும், காலையும் மாலையும் வெப்பநிலை குறிக்கிற நோட்டும் மருந்தாளுநரிடம்தான் இருந்தன. ஊசி போட்டது செவிலியர். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் நாய்க்கடிக்கும் நம்மூரில் நல்ல பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். எழுபது வயதுக்காரருக்குத்தான் ஐஸ் பை.

அப்படியானால் மெடிக்கலிலேயே போட விட்டுவிடலாமா? தேரடிக்காரர் கையில் என்றால் நான் இன்றைக்கே சட்டையை மடிப்பேன். ஆனால் வேறொரு கடையையும் பார்த்தேன். சுவரில் மங்கிப்போன புகைப்படத்தோடு ஒரு அம்மாவின் மருந்தாளுநர் சான்றிதழ் தொங்குகிறது, கல்லாவில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பவன் பிளஸ் டூ முடித்த பையன். "அந்த அம்மா எப்ப வருவாங்க?" என்றால் பதில் இல்லை. சான்றிதழை வாடகைக்கு விடுகிற பழக்கம் ஊரறிந்தது. ஒன்டாரியோவில் ஊசி போட மருந்தாளுநர் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும், முதலுதவிச் சான்றிதழையும் காலாவதி ஆகாமல் வைத்திருக்க வேண்டும். 2008-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்தபோது, கிராமத்துக்குப் போய்ப் போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கிற இடத்துக்கே வரச் சொன்னது நம் அரசு. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கொரோனா ஊசிக்காக 2020 டிசம்பரில் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டுதலில், ஊசி போடக் கூடியவர்கள் வரிசையில் டாக்டர், செவிலியரோடு மருந்தாளுநரையும் சேர்த்திருந்தார்கள். அவசரத்துக்கு ஆகிற கை மற்ற நாளுக்கு ஏன் ஆகாது? சான்றிதழில் இருப்பவர் கடையில் நிற்கிறாரா என்பதை முதலில் ஒழுங்காகப் பார்க்கட்டும். அப்புறம் பயிற்சி கொடுக்கட்டும்.

கிளம்புகிற அன்று அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க அதே மெடிக்கலுக்குப் போனேன். மருந்தாளுநர் படிப்பான டி.பார்ம் முடித்து 26 வருஷம் ஆகிறது என்றார் அவர். ஒன்டாரியோவில் மருந்தாளுநர் பயிற்சி எடுத்து ஊசி போடுகிற கதையைச் சொன்னேன். "அந்தப் பயிற்சி எத்தனை நாளு தம்பி?" என்று கேட்டுக்கொண்டார்.

ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போட வேண்டும். அடுத்த வருஷம் ஐஸ் பையை யார் பிடித்துக்கொண்டு வருவது என்று அப்பா கேட்டார். ஆட்டோக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.