மோசல் ஆற்றங்கரை: ஸ்டெல்பிளாட்ஸா, கேம்பிங் மைதானமா?

ஜெர்மனியின் மோசல் கரையில் மோட்டார்ஹோமை, அதாவது படுத்து, சமைத்து, குளிக்க வசதியுள்ள வண்டியை, எங்கே நிறுத்துவது? வண்டி மட்டும் நிறுத்தும் ஸ்டெல்பிளாட்ஸ், முழு வசதியுள்ள கேம்பிங் மைதானம், இரண்டிலும் தங்கியிருக்கிறேன்.

செலவு: ஸ்டெல்பிளாட்ஸ் இரவுக்குப் பெரும்பாலும் 10–15 யூரோ. கேம்பிங்கில் ஆளுக்கும் வண்டிக்கும் தனிக்கணக்கு. இரு மடங்கு ஆகிவிடும்.

வசதி: முன்னதில் காசு போட்டால் தண்ணீர், குளியல் வண்டிக்குள்ளேயே. பின்னதில் வெந்நீர்க் குளியலறை, வாஷிங் மெஷின்.

ஆறு: இதில் ஸ்டெல்பிளாட்ஸ்தான் என் விருப்பம். பல இடங்களில் கதவைத் திறந்தால் புல், அப்புறம் தண்ணீர். காபி ஆறுவதற்குள் சரக்குப் படகு ஒன்று கண்ணெதிரே நகர்ந்து போகும். எதிர்ச்சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி. ஆனால் வெள்ளம் வந்தால் இரண்டும் தப்பாது.

குழந்தைகளோடு ஒரு வாரமா, சரி, கேம்பிங். ஊர் ஊராகப் போவதென்றால் ஸ்டெல்பிளாட்ஸ்.